இடம் மாறிய இரண்டு கையெழுத்துகள்

அவைக்குத் தலைமையேற்று, இப்போதும் கண்ணாடிக்கு மேலாக என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் ஆட்ரி ஸ்கெல்டன் அவர்களே! ஹல் நகர நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கி முழங்கால் தேய்ந்த மூத்த சொலிசிட்டர்களே! பிள்ளைக்குப் புதுக் கோட்டு வாங்கிக் கொடுத்துவிட்டுப் பின்வரிசையில் பூரித்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, தந்தையரே! முன்வரிசையில் முதுகை நிமிர்த்தி, முகத்தில் முறுவலைப் பூட்டி, மேசைக்கு அடியில் கால் நடுங்க உட்கார்ந்திருக்கும் புதிய பயிற்சி வக்கீல்களே! பெத்தனி மார்ஷல் என்னும் இந்த எளியவளின் வணக்கத்தை ஏற்றருளுங்கள்.

கால் நடுங்குகிறதா? நடுங்கட்டும். சொலிசிட்டராகி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன, எனக்கு இன்னும் நிற்கவில்லை.

இரண்டே ஆண்டுகள் பயிற்சி, நான்கு துறைகள். ஆறு மாதத்துக்கு ஒரு மேசை, ஆறு மாதத்துக்கு ஒரு மேலதிகாரி. முடிவில் வைத்துக்கொள்வார்களா, வாசலைக் காட்டுவார்களா? அந்தக் கேள்வியோடு எழுந்தேன், அந்தக் கேள்வியோடு பல் துலக்கினேன், அந்தக் கேள்வியையே வெண்ணெய் போலத் தடவி ரொட்டி தின்றேன். அச்சு இயந்திரத்தில் தாள் சிக்கியதற்கு அழுதிருக்கிறேன். சிரிக்காதீர்கள் ஐயா, நீங்கள் அழாதவரா?

உயில் துறையில் இருந்தபோது கீத், டோரீன் என்று இருவர் வந்தார்கள். கீத் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். டோரீன் பள்ளிச் சமையலறையில் வேலை பார்த்தவர். இருபத்தாறு ஆண்டுகள் ஒரே வீட்டில் கணவன் மனைவி போல வாழ்ந்தார்கள், திருமணம் மட்டும் செய்துகொள்ளவில்லை. வீடு கீத் பெயரில் இருந்தது. உயில் இல்லாமல் அவர் கண்ணை மூடினால், நம் சட்டம் டோரீனைத் திரும்பிக்கூடப் பார்க்காது. முகம் கொடுத்துப் பேசாத கீத்தின் தம்பிக்கு வீடு போய்விடும். கீத்துக்கு மறுநாள் காலை இதய அறுவை சிகிச்சை.

ஒருவர் மற்றவருக்கு எழுதிவைக்கும் இரண்டு உயில்கள் தயாராயின.

"ஏம்மா பெத், இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் இவ என்கிட்ட கையெழுத்து வாங்குறா" என்றார் கீத்.

"சர்ச்சுல வாங்கியிருக்கணும். உங்க பஸ்ஸு லேட்டு" என்றார் டோரீன்.

சிரித்துக்கொண்டே தாள்களை நீட்டினேன். நீட்டியபோது என் கண் எங்கே இருந்தது தெரியுமா? அப்போது என் மேலதிகாரியாக இருந்த ஆட்ரியின் கண்ணாடிக் கதவில்! யாரை வைத்துக்கொள்வது என்று உள்ளே பேசிக்கொண்டிருந்தார்கள். இருவரும் கையெழுத்திட்டார்கள். வரவேற்பறைப் பெண்ணும் நானும் சாட்சி போட்டோம்.

மறுநாள் காலை எட்டரை மணி. பெட்டகத்தில் வைக்க உயில்களை எடுத்தேன். கீத்தின் உயிலில் டோரீன் கையெழுத்து. டோரீனின் உயிலில் கீத் கையெழுத்து! இரண்டையும் நம்பி ஒரு நாற்காலியைக்கூடக் கைமாற்ற முடியாது.

அப்போது ஒரு யோசனை வந்தது. கடைசித் தாளில் யார் பெயரும் அச்சாகவில்லை. தாள்களைச் சேர்த்திருந்த ஸ்டேப்ளர் பின்னைப் பிடுங்கி, இரண்டு தாளையும் மாற்றி, மறுபடி பின் அடித்துவிட்டால்? யாருக்குத் தெரியும்? மூத்தவர்கள் நிமிர்ந்து உட்காருகிறீர்கள். காரணம் இருக்கிறது. உயிலில் பின் பிடுங்கிய தடம் தெரிந்தால், எந்தத் தாள் போனது, எந்தத் தாள் வந்தது என்று கேள்வி கிளம்பும். அதற்குப் பயந்தே நாம் உயிலில் ஒரு காகிதக் கிளிப்கூட மாட்டுவதில்லை.

பிடுங்கினேனா? பிடுங்கினேன், அவையோரே! கீத்தின் உயிலிலிருந்து பின்னைப் பிடுங்கிவிட்டேன். அதற்குமேல் கை ஓடவில்லை. தவறு செய்தவளுக்குத் திட்டு கிடைக்கும். தாளை மாற்றியவளுக்கு இந்தத் தொழிலே கிடையாது. எழுந்து நடந்தேன்.

"ஆட்ரி, கையெழுத்து மாறிப்போச்சு. மறைக்கப் பார்த்தேன். ஒரு பின்னையும் பிடுங்கிட்டேன்."

"யாரோட உயில்?"

"கீத்தோடது."

"ஆபரேஷன் எத்தனை மணிக்கு?"

"பத்துக்கு."

"புதுசா ஒண்ணு பிரிண்ட் எடு. கோட்டைப் போடு. அழுகையெல்லாம் கார்ல வெச்சுக்கலாம்."

தலைவர் அவர்கள் தலையை ஆட்டுகிறார்கள். இன்னும் காரமாகச் சொன்னீர்கள், தெரியும். தாய்மார்கள் இருக்கிறார்களே என்று குறைத்துக்கொண்டேன்.

மருத்துவமனையில், கீத்தின் கையைப் பிடித்தபடி டோரீன் உட்கார்ந்திருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"நேத்து போட்டது நல்லா இல்லையா கண்ணு? பஸ் ஓட்டின கை, வளைஞ்சுதான் வரும்" என்றார் கீத்.

டோரீன் சிரிக்கவில்லை.

உயிலில் கையெழுத்து விழும்போது, யாருக்குச் சொத்து போகிறதோ, அவர் பக்கத்தில் நிற்கக் கூடாது. மிரட்டி வாங்கினார் என்று பின்னால் பேச்சு வரும். தெரிந்த வழக்கம்தான். அதைச் சொன்ன வாய் என் வாய்.

"டோரீன், ஒரு பத்து நிமிஷம் வெளிய இருங்க."

"இப்பவா?"

"நாளைக்கு அந்தத் தம்பி வந்து வம்பு பண்ணக்கூடாதுல்ல."

கீத்தின் கையை விட்டுவிட்டு அவர் வெளியே போனார். நான் வரிவரியாகப் படித்தேன். கீத் கையெழுத்திட்டார். ஆட்ரியும் நானும் சாட்சி போட்டோம். மை உலரும் முன்பே பணியாளர்கள் வந்துவிட்டார்கள். அறுவை அரங்கம் சீக்கிரமே தயாராம். மறுபக்கக் கதவு வழியாகக் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். நான் ஓடிப்போய் டோரீனை அழைத்து வந்தபோது, கட்டில் இருந்த இடம் காலியாக இருந்தது.

கீத் திரும்பி வரவில்லை.

உயில் செல்லுபடியானது. தம்பியின் வக்கீல் கடிதம் மேல் கடிதம் எழுதினார், ஓர் எழுத்தைக்கூட அசைக்க முடியவில்லை. வீடு டோரீனுக்கே வந்தது. என்னையும் வைத்துக்கொண்டார்கள்.

கைதட்டாதீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

சில மாதம் கழித்து டோரீன் என் மேசைக்கு வந்தார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"வீடு கிடைச்சிருச்சு பெத். நீ ஓடி வந்ததாலதான் கிடைச்சுது, தெரியும். ஆனா அந்தப் பத்து நிமிஷம் என்னோடது. அவரு கையை நான் பிடிச்சுக்கிட்டிருந்தேன். நீ விடச் சொன்ன."

"மன்னிச்சிருங்க டோரீன்."

"மன்னிக்க வரல. உனக்குத் தெரியணும்னு வந்தேன்."

அவ்வளவுதான். போய்விட்டார்.

பயிற்சி வக்கீல்களே! பயப்படாதீர்கள் என்று சொல்லவா இங்கே வந்தேன்? பயப்படுங்கள்! ஆனால் யாருக்காகப் பயப்படுகிறீர்கள்? வேலை நிலைக்குமா என்று பயந்தேன், பெயர் கெடுமா என்று பயந்தேன், கண்ணாடிக் கதவுக்குள் என்ன பேசுகிறார்கள் என்று பயந்தேன். அத்தனை பயமும் எனக்காக! எதிரே இருந்த இரண்டு பேருக்காக ஒரு துளி பயந்திருந்தால், எந்தத் தாள் யாருடையது என்று பார்த்திருப்பேன். அந்தக் காலையில் டோரீன் அந்தக் கையை விட்டிருக்க வேண்டியதே இல்லை.

நாளைக் காலை உங்கள் மேசைக்கு எதிரே ஒருவர் வந்து உட்காருவார். அவருக்காக நடுங்குங்கள்.

இவ்வளவு நேரம் தேநீர் ஆறுவதையும் பொருட்படுத்தாமல் செவிகொடுத்த அனைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம்.