ரெண்டு அடுப்பு

— அத்தை, அந்தக் கயித்தைத் தாண்டாதீங்க. காவலாளி பார்த்தா விசில் ஊதுவான்.

— ஊதட்டும். மகாராணி படுத்த அறையைப் பார்த்தாச்சு, ராஜா குளிச்ச தொட்டியைப் பார்த்தாச்சு. இவங்களுக்கெல்லாம் எங்க சமைச்சாங்கன்னு ஒரு பலகையிலயும் போடலையே!

— அதுக்காக? இதுதான் சமையல்கட்டுன்னு எப்படிச் சொல்றீங்க? முழங்கால் உயரச் சுவர்தானே மிச்சம்.

— மூலையைப் பாரேன். அங்க மட்டும் செங்கல் கருகிக் கிடக்கு. பக்கத்துலயே தண்ணி போக வாய்க்கால். வேற என்னவா இருக்கும்? ஆமா, எத்தனை வருஷமாச்சாம்?

— ஆயிரத்துக்கு மேலன்னு போட்டிருக்கு.

— அடியம்மா! ஆயிரம் வருஷத்துக் கரியா? தடவிப் பாரு, கையில ஒட்டுதா?

— ஒட்டல... அத்தை, இங்க வாங்களேன்! சுவருக்கு அந்தப் பக்கமும் இதே மாதிரி கருப்பு. இன்னொரு வாய்க்கால் வேற.

— இன்னொரு அடுப்பா? நகரு, நகரு, நான் பார்க்கறேன்.

— ஒரே அரண்மனைக்கு ரெண்டு அடுப்பு எதுக்கு? ராஜா அவ்வளவு சாப்பிடுவாரா?

— ராஜாவுக்கு வயிறு ஒண்ணுதான்ம்மா. பெத்தவளும் கட்டினவளும் ரெண்டு பேராச்சே.

— அப்போ சண்டை போட்டுப் பிரிஞ்சிருப்பாங்களா?

— சண்டைன்னா நடுவுல வாசல் வெச்சிருப்பாங்களா? படிக்கல்லைப் பாரேன், எப்படித் தேஞ்சு குழிஞ்சிருக்கு! ரெண்டு பேரும் ஓயாம போக வர இருந்திருக்காங்க.

— ...அத்தை.

— என்ன, குரல் இறங்குது? கால் வலிக்குதா? இப்படி உக்காரு.

— உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். உங்க பிள்ளை சொல்றேன் சொல்றேன்னு மென்னு முழுங்கிட்டே இருக்கார். இப்பவும் தலைவலின்னு கார்லயே உக்கார்ந்துட்டார்.

— அவன் கிடக்கான். நீ சொல்லு.

— நாங்க... தனியா ஒரு வீடு பார்த்திருக்கோம். அடுத்த தெருதான். உங்க மேல ஒரு குறையும் இல்ல அத்தை, சத்தியமா. எனக்குன்னு ஒரு வீடு, என் இஷ்டத்துக்கு எழுந்திரிச்சு, என் இஷ்டத்துக்கு சமைச்சு... திட்டணும்னா திட்டிடுங்க.

— அந்த வீட்டுச் சொந்தக்காரர்கிட்ட பேசி முடிச்சிட்டீங்களா?

— இல்ல. உங்களைக் கேட்காம எப்படி?

— அப்போ வேண்டாம்னு சொல்லிடு.

— அத்தை...

— நீங்க இருக்கற வீட்டுலயே இருங்க. போன வாரமே பூக்கடை மாடியில எனக்கு ஒரு அறை பார்த்துட்டேன்டி. உங்க ரெண்டு பேர்கிட்ட அதை எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் இவ்வளவு தூரம் இழுத்துட்டு வந்தேன்.