இரண்டாவது சாண்

வீடு புகுந்ததாகச் சந்தேகத்தின் பேரில் அழைத்துவரப்பட்டவர் சொல்லச் சொல்ல நிலைய ஏட்டு எழுதியது.

என்னைக் கடைத்தெருவில் வால்வு அக்கா என்பார்கள். வயது நாற்பத்தெட்டு. தையல் கடைக்கு மேல்மாடியில் குடியிருந்துகொண்டு, அங்கேயே பழைய வால்வு ரேடியோக்களைப் பழுதுபார்த்துப் பிழைக்கிறேன். தொலைந்த குடையைக் கேட்க ஒரு தடவை வந்ததைத் தவிர, காவல் நிலையப் பக்கம் நான் தலைவைத்தும் படுத்ததில்லை.

சென்ற வாரம் இந்த நிலையத்து இன்ஸ்பெக்டர் ஐயாவின் மனைவி, பரண்மேல் ஊமையாகக் கிடந்த ரேடியோவைத் துண்டில் சுற்றி என் கடைக்குக் கொண்டுவந்தார். ஐயா இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார் என்றும், அன்று அவர் வீட்டுக்குள் நுழையும்போது அது பாடிக்கொண்டிருக்க வேண்டும் என்றும், அதுவரை அவருக்கு மூச்சுக்காட்டக் கூடாது என்றும் சொன்னார். நான் சத்தியம் செய்து கொடுத்தேன். அதன் பிறகு உள்வேலை எல்லாம் முடித்தேன். கரண்டு வயர் மட்டும் தொட்டாலே உதிர்ந்ததால், புதிதாகப் போட எவ்வளவு நீளம் வேண்டும் என்று கேட்டேன். வருகிறவர்கள் எல்லாம் நீளமாகக் கேட்டு என் உயிரை வாங்குவார்கள். கால் தடுக்கும் என்று எவ்வளவு சொன்னாலும் காதில் ஏறாது. இந்த அம்மா சொன்னது வேறு. "குட்டையா போடுங்க. நீளமா இருந்தா ஹாலுக்குத் தூக்கிட்டுப் போய் உக்காந்துக்குவாரு. கல்யாணம் ஆனதுலேர்ந்து ராத்திரி பகல்னு டியூட்டிதான். இனிமேலாவது அடுப்படியில என்கூட இருக்கட்டும்." சீட்டில் 'குட்டை' என்று குறித்துக்கொண்டேன்.

குட்டை என்றாலும் ஒரு கணக்கு உண்டு. துணிக்கொடி மாதிரி விறைத்து நிற்கும் வயரை நான் யாருக்கும் போட்டுக் கொடுப்பதில்லை. ஆகவே வீட்டுக்கே வந்து அளவெடுக்க வேண்டும் என்றேன். அம்மா வீட்டில் இருந்தால் பக்கத்து வீட்டம்மா பேச்சுக்கு வந்து உட்கார்ந்துவிடுவார், அவருக்குத் தெரிந்தால் தெருவுக்கே தெரியும் என்பதால், அம்மா சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு இன்று காலை தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார்.

அதன் பிறகு நான் கதவைத் திறந்து உள்ளே போய், அடுப்படி அலமாரித் தட்டிலிருந்து வயர் போகவேண்டிய வழியில் ஒரு கயிற்றைச் சுவரோரமாக வளைத்துக் கொண்டுபோய், தரையில் மண்டியிட்டு, பிளக் பாயிண்ட் வந்த இடத்தில் முடிச்சுப் போட்டேன். அதன் பிறகு இரண்டு சாண் கூட்டினேன். முதல் சாண், ரேடியோவைத் திருப்பித் தூசி தட்டுவதற்காக நான் எப்போதும் விடுவது. இரண்டாவது, ஐயாவை நினைத்துப் பாவப்பட்டு நான் விட்டது. அடுப்பு வெக்கை தாங்காமல் அவர் நிலைப்படியில் நாற்காலியைப் போட்டுக்கொண்டாலும், ரேடியோவைத் தட்டின் அந்த ஓரத்துக்கு நகர்த்தினால் குமிழ் கைக்கு எட்டும்.

அந்த நேரம் பக்கத்து வீட்டம்மா, நான் கயிறும் கையுமாகத் தவழ்வதை ஜன்னல் வழியாகப் பார்த்து, வெளித்தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு நிலையத்துக்குப் போன் செய்திருக்கிறார். அவரைக் குறை சொல்லமாட்டேன், நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். அதன் பிறகு வந்து கதவைத் திறந்தவர் இன்ஸ்பெக்டர் ஐயாவேதான். எனக்கு முழி பிதுங்கியது. "யாரும்மா நீங்க, எங்க அடுப்படியில என்ன பண்றீங்க?" என்றார். அளவெடுக்கிறேன் என்றேன். எதற்கு என்றார். சொல்ல முடியாது என்றேன். சாவியைக் காட்டினேன், அவர் முகம் இன்னும் மோசமானது. அம்மாவுக்குப் போன் போட்டார். அது மிக்சிக்குப் பக்கத்திலேயே அடித்தது.

"சொல்லலன்னா நான் கேஸ் போட்டாகணும்மா" என்று அவர் தன்மையாகவே திரும்பத் திரும்பச் சொன்னார். கேஸ் என்றால் என் கடை மூடிக்கிடக்கும், ரேடியோ மாதக் கடைசியில் பாடாது. சொன்னால் அந்த அம்மாவின் ஆசை மண்ணாகப் போகும். மறுபடியும் சொல்ல முடியாது என்றேன். அதன் பிறகு இங்கே அழைத்துவந்து, தன் வீட்டு விவகாரத்தைத் தானே விசாரிப்பது சரியில்லை என்று என்னை ஏட்டையாவிடம் ஒப்படைத்துவிட்டு, பலகைத் தடுப்புக்கு அந்தப்பக்கம் போய் உட்கார்ந்தார். மாதக் கடைசிவரை இந்தத் தாளை ஐயாவின் கண்ணில் காட்டுவதில்லை என்று ஏட்டையா வாக்குக் கொடுத்த பிறகே இவ்வளவும் சொல்கிறேன். ரகசியக் குரலில்தான் ஆரம்பித்தேன். ஏட்டையாவுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் ஒவ்வொன்றையும் இரண்டாம் தடவை உரக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. இந்த வரியை எழுத அவர் முதலில் மறுத்தார்.

இதுவரை எழுதி முடித்தபோது தடுப்புக்கு அந்தப்பக்கம் நாற்காலி நகர்ந்தது. அதன் பிறகு ஐயா தலையை மட்டும் இந்தப்பக்கம் நீட்டினார். கண் சிவந்திருந்தது.

"நான் எதையும் கேக்கல" என்றார்.

நாங்கள் இருவரும் தலையாட்டினோம். அவர் போகாமல் நின்றார்.

"அந்த ரெண்டாவது சாண் வேணாம்மா. வெட்டிடுங்க."

இதையும் சேர்த்து எழுதும்படி நான் கேட்டுக்கொண்டேன். ஐயாவுக்குத் தெரியும் என்பதை அம்மாவிடம் சொல்வதில்லை என்று இன்னொரு சத்தியமும் செய்து கொடுத்திருக்கிறேன். நான் சொன்னபடியே எழுதியிருப்பதை உரக்க வாசிக்கக் கேட்டேன், அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) வால்வு அக்கா

எழுதியவர்: நிலைய ஏட்டு
அருகில் இருந்தவர்: இன்ஸ்பெக்டர். எதையும் கேட்கவில்லை.