பசை பூசிய தபால்தலை

— ஷூவைக் கழட்டாதீங்க சார். நீங்க உள்ள வர்றீங்களா வெளிய போறீங்களான்னே இன்னும் முடிவாகல.

— ஓப்பிக் இருக்காருங்களா? நான் மலாங்ல இருந்து வர்றேன். ரயில்ல பதினேழு மணி நேரமுங்க.

— பாத்தியா இமாஸ், பேரைச் சொல்லியே கேக்குறான். அந்தத் தலையைப் பாரு. பட்டாளத்து நாவிதன் வெட்டுன தலை.

— எனக்கும் கண்ணு இருக்கு நந்தாங். நீ அந்த மைச் சட்டத்தைக் கீழ வை, அச்சடிச்ச பனியன் மேல சொட்டுது. சார், உங்க பேரு?

— பிராப்தோ. பள்ளிக்கூடத்துல கணக்கு வாத்தியாருங்க. முடி அதனாலதான். நானும் பங்க் பாட்டு ஆளுதாங்க, காதைப் பாருங்க, மூணு ஓட்டை. வேலை நாள்ல வளையத்தைக் கழட்டிருவேன்.

— கணக்கு வாத்தியார் பங்க் பாட்டு கேக்குறாராம்! பூனை நோன்பு புடிச்ச கதை. பையை இங்க வெச்சிட்டுக் கிளம்பச் சொல்லு.

— இரு. சார், இதே மாதிரி முடி வெட்டுன ரெண்டு பேரு போன செவ்வாய்க்கு முந்தின செவ்வாய் வந்தாங்க. ஓப்பிக்கோட அழகா சிரிச்சுப் பேசுனாங்க. ஒரு அஞ்சு நிமிஷம்னு கூட்டிட்டுப் போனாங்க. இன்னிக்கு ஒன்பது நாளு. தேர்தலைக் கிண்டல் பண்ணிப் பாட்டு எழுதுனானாம்.

— புடிச்சிட்டாங்களா? ஓப்பிக்கையா?

— அடேங்கப்பா, நடிப்பு! மேடையில நாம இப்படி நடிச்சிருந்தா எங்கயோ போயிருப்போம்.

— எத்தனை வருஷமா கேக்குறீங்க சார்?

— எண்பத்தாறுல இருந்துங்க. மாமா கப்பல்ல வேலை. ஒரு கேசட் கொண்டாந்தாரு, சட்டையில ஊக்கு குத்திக்கிட்டுப் பாடுன எழுபதுகளோட ஆளுங்க. அப்புறம் ஹார்ட்கோர் வந்துச்சு, உக்கார்றதுக்குள்ள பாட்டு முடிஞ்சிரும். அப்புறம் கிரஸ்ட், பாடுறவன் தொண்டையில மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி. இப்பத்த பசங்க டிரம்பெட்டைச் சேத்துக்கிட்டு ஸ்கா பங்க்னு குதிக்கிறாங்க. அது பங்க்கே இல்லன்னு ஓப்பிக், உண்டுன்னு நான். ஒரு வருஷமா லெட்டர்லயே சண்டைங்க.

— இதெல்லாம் ஒரு வாரத்துல மனப்பாடம் பண்ணிரலாம்.

— அப்ப நான் ஒண்ணு கேக்குறேன். காதல் பாட்டு பாடுற மெலடிக் பங்க்கை ஓப்பிக் என்னன்னு திட்டுவான்?

— ‘பல்லு வெளக்கிட்டு மேடையேறுற பங்க்’னு எழுதியிருந்தாரு.

— ஐயோ, அவனேதான்! அவன் வாயேதான் நந்தாங்!

— அடிச்சுக் கேட்டா யாரும் எல்லாத்தையும் சொல்லுவாங்க இமாஸ். நான் சொல்றேன், பையை வாங்கிட்டு ஆளை அனுப்பு.

— வந்ததுல இருந்து பை பைங்கறியே, அதுல என்ன இருக்கு?

— எனக்கெப்படித் தெரியும்? ஒட்டுக்கேக்குற கருவி ஏதாச்சும் இருந்தா?

— நோட்டு இருக்குங்க. தபால்ல கேசட் மாத்திக்கற நம்ம ஆளுங்க முகவரி. முப்பத்தோரு ஊரு. எல்லாம் அப்பா அம்மாவோட இருக்கற பசங்க. இது வேற கைக்குப் போனா அத்தனை வீட்டு வாசல்லயும் யாராச்சும் சிரிச்சுப் பேசிக்கிட்டு நிப்பாங்க. ஓப்பிக் கேட்டதாலதான் எடுத்துட்டு வந்தேன். லெட்டர் போட்டிருந்தாரே.

— எப்ப?

— திங்கக்கிழமை வந்துச்சு. இந்தாங்க. டைப் அடிச்சு, கையெழுத்துக்கு வழக்கம் போல மண்டையோடு.

— முத்திரை வெள்ளிக்கிழமை. வாத்தியாரே, செவ்வாய்க்கிழமையே அவன் இங்க இல்லையே!

— சொன்னேன்ல? போலீஸ்காரன் எழுதுன லெட்டர். அதை நம்பி நோட்டைத் தூக்கிட்டு வந்திருக்கு இந்த மண்டு. குடுய்யா, பின்னாடி கொண்டு போய் எரிச்சிடறேன்.

— குடுக்கறேங்க. அதுக்கு முன்னாடி கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?

— தாகமா இப்ப?

— தபால்தலைக்குங்க.

— தண்ணியும் இல்ல ஒண்ணும் இல்ல. நோட்டைக் குடு.

— தள்ளு நந்தாங், சட்டம் கழுவுற வாளி இங்கதான இருக்கு. விரலை நனைச்சாப் போதும். அட, முத்திரை தோலு மாதிரி உரிஞ்சு வருது!

— பசைங்க. தபால்தலையை ஒட்டிட்டு மேல வெள்ளைப் பசை பூசிருக்காங்க. மை அதுமேலதான் விழுந்திருக்கு.

— எனக்கே பாடமா வாத்தியாரே? முத்திரையைக் கழுவிட்டா அதே தபால்தலையை மறுபடி ஒட்டி அனுப்பலாம், காசு மிச்சம். கேசட் மாத்துறவங்க எல்லாரும் செய்யற வேலை. நான் எத்தனை பூசியிருப்பேன். ஆனா சர்க்கார் செலவுல தபால் போடற போலீஸ்காரன் எதுக்குப் பூசணும்?

— அவனுங்களுக்கு இதுவும் தெரிஞ்சிருக்கும்.

— தெரிஞ்சா அதுக்கும் ஒரு கேஸ் போடுவான். உக்காந்து பூச மாட்டான். கடைசி வரியைப் பாரு, ரிப்பன் நழுவி எழுத்தோட அடிப்பாதி சிவப்பு. மூலையில இருக்கற நம்ம டைப் மெஷினும் இப்படித்தான் அடிக்கும். வெள்ளிக்கிழமை நான் அம்மாவைப் பாக்க கருத் ஊருக்குப் போயிருந்தேன். பட்டறையில யாரு இருந்தா?

— இமாஸ்…

— வாத்தியாரே, நோட்டைச் சட்டைக்குள்ள போடுங்க. கதவுக்கிட்ட நில்லுங்க. நந்தாங், வாளியைப் பாக்காத. என் மூஞ்சியைப் பாரு.

— போலீஸ்காரங்க என்னைக் கூட்டிட்டுப் போய் ஜன்னல் வழியா ஓப்பிக்கைப் பாக்க வெச்சாங்க. அவன் விரலு… அந்த விரலை வெச்சு இனிமே அவன் பேஸ் கிட்டார் வாசிக்க முடியாது. நோட்டு வந்தா விட்டுடறோம்னாங்க. லெட்டரை டைப் அடிக்கச் சொன்னாங்க, அடிச்சேன். மண்டையோடு போடச் சொன்னாங்க, போட்டேன். பசை பூசச் சொல்லல இமாஸ். கை தானா பூசிருச்சு.