மூசாங் கதையை நிறுத்திய சிவப்புப் பொத்தான்

அவைக்கு அழகூட்டி அமர்ந்திருக்கும் தலைவர் ராமையா அவர்களே! அழைத்ததும் அன்போடு வந்த ஆன்றோர்களே! மதிய வெயிலையும் மதியாமல் மழலைகளோடு வந்திருக்கும் தாய்மார்களே! முன்வரிசைத் தரையில் உட்கார்ந்து, இவர் எப்போது முடிப்பார் என்று என் முகத்தையே பார்க்கும் குட்டிச் செல்வங்களே! முப்பது ஆண்டுகள் அறிவியல் கற்பித்து ஓய்வுபெற்ற இந்த ஜெயபாலனின் நன்றி கலந்த வணக்கம்.

இன்று வெளிவரும் நூல், கன்றுப்பெட்டிக்குள் ஒளிந்து ஊர் சுற்றும் ஒரு மூசாங்கின், அதாவது மரநாயின், கதை. அந்த மூசாங் என் கற்பனை. ஆனால் கடல் கடந்து வந்த ரப்பர்க் கன்றுகள் நம் கோலகங்சாரில் வேரூன்றியது கற்பனையா? இல்லை, வரலாறு! அந்த மரப்பட்டையை எப்படி வெட்டினால் பால் பெருகும் என்று ஆய்ந்து அறிந்தது கற்பனையா? இல்லை, அறிவியல்!

எழுதியவன் நான். வரைந்தவர் ஷாஹிஸ்தா. அச்சிட்டவர் சிலிபினில் அச்சகம் நடத்தும் ஹுசைன் அண்ணன். மூவருக்கும் கைதட்டினீர்கள், மகிழ்ச்சி. நான்காவதாக ஒருவர் இருக்கிறார். ஹுசைன் அண்ணன் அச்சகத்தில் புத்தகம் தைக்கும் மங்களம் அம்மையார்.

யார் அங்கே எழுந்து போவது? மங்களம், உட்காருங்கள்! தேநீர் ஊற்ற வேறு ஆள் இருக்கிறது.

போன மாதம் ஒரு காலை. நானும் அச்சகத்தில் இருந்தேன். இந்த நூலின் நான்காவது தாள் வெளியே வந்தபோது யாரோ சிவப்புப் பொத்தானை அழுத்த, இயந்திரம் சட்டென்று நின்றது. தைப்பவர்கள் இயந்திரத்தைத் தொட்டால் அன்றோடு வேலை போகும் என்பது அங்கே சட்டம். ஹுசைன் அண்ணன் ஓடி வந்தார்.

“யாருலா மெஷினை நிப்பாட்டுனது?”

“நான்தான் மொதலாளி. படத்துல மரத்தோட வெட்டு தப்பா இருக்கு,” என்றார் மங்களம்.

எனக்கு வந்ததே கோபம்! “பிள்ளைங்க புத்தகம்லா இது. வெட்டை யாரு பார்க்கப் போறா?” என்றேன்.

“பிள்ளைங்க நம்பிருமே சார். நான் இருபது வருசம் பால்மரம் வெட்டுனவ. இடது பக்கம் ஒசரமா ஆரம்பிச்சு வலது பக்கம் எறக்கணும். இது நேர்மாறா இருக்கு. இப்படி வெட்டுனா பால் வடியுற மங்குல பால் கொறையும். என்னைய வேலைய விட்டு அனுப்பினாலும் பரவால்ல, இதை மட்டும் மாத்திருங்க.”

வீட்டுக்குப் போய்ப் பழைய நூல்களைப் புரட்டினேன். மரப்பட்டைக்குள் பால்குழாய்கள் சற்றே வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. மங்களம் சொன்னபடி வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் திறக்கும். ஷாஹிஸ்தா பாவம், சிம்பாங் பூலாய்ப் பக்கம் மிஞ்சியிருந்த ஒரு மரத்தோடு செல்ஃபி எடுத்து, அதைப் பார்த்து வரைந்திருக்கிறார். கைப்பேசி கண்ணாடிபோல் இடதை வலதாக்கிவிட்டது. சரி, அச்சிடலாம் என்று கையெழுத்துப் போட்ட எனக்குக் கண் எங்கே போனது? நானும் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவன்தான். படிக்கிற பிள்ளை என்று என்னை மரத்தின் பக்கமே விடவில்லை. நானும் பெருமையாக விலகியே நின்றேன். இன்று அதற்காக வெட்கப்படுகிறேன்.

“படத்தைக் கணினியில் திருப்பிப் போடலாமா?” என்று கேட்டேன். “திருப்பினா கதை முன்னாடி போறப்ப மூசாங் பின்னாடி ஓடும் சார்,” என்றார் ஷாஹிஸ்தா. சிரிக்கிறீர்கள்! அவர் பதினொரு படங்களைப் புதிதாக வரைந்தார். ஹுசைன் அண்ணனோ தம் சட்டத்தைத் தாமே மீறி, “மங்களம் சரின்னு சொன்னாத்தான் மெஷின் ஓடும்,” என்றுவிட்டார். அண்ணே, உங்களுக்கு என் நெஞ்சார்ந்த நன்றி.

அன்பர்களே, ஆய்ந்தவர் பெயரை ஏடுகள் சொல்கின்றன. அந்த அறிவை மரத்துக்கு மரம், மழைக்கும் வெயிலுக்கும் நடுவில் மெய்ப்பித்த கைகளின் பெயரை எந்த ஏடு சொன்னது? எந்தப் பாடம் சொன்னது? முப்பது ஆண்டுகள் வகுப்பில் நின்ற நான் சொன்னேனா?

இந்த நூல் சொல்கிறது! குழந்தைகளே, முதல் பக்கத்தைத் திறந்து உரக்கப் படியுங்கள்: “அறிவியல் ஆலோசகர்: மங்களம், பால்மரம் வெட்டியவர்.”

அழாதீர்கள் அம்மா. முதல் பிரதி உங்களுடையது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள். மேடை சின்னது. அவர் ஏறட்டும், நான் இறங்குகிறேன். அனைவருக்கும் நன்றி, வணக்கம்!