எல்லைக்கல்லைத் தாண்டிய சாமி மூட்டை

அரிசி மூட்டைகளை அடுக்கி ஆக்கிய இந்த மேடையில், அவற்றுள் உயரமானதொன்றின் மேல் அமர்ந்து, அரியணை ஏறியவரினும் அமைதியாக வீற்றிருக்கும் தலைவர் தாஸிம் முதலாளி அவர்களே! பதுளைக் கடைத்தெருவில் படியும் தராசும் பிசகாமல் வாணிபம் நடத்தும் பெரியவர்களே! மட்டக்களப்புச் சாலையின் புழுதியில் பாதியைத் தம் நெஞ்சுக்குள்ளேயே ஏற்றி வந்து இறக்கும் வண்டிக்காரச் சகோதரர்களே! கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த கையோடு, குளிரைக் கூட்டாளியாகக் கொண்டு, குருவிமலைத் தோட்டத்திலிருந்து நடந்தே வந்திருக்கும் தாய்மார்களே! முன்வரிசையில் முக்காட்டுக்குள் வெற்றிலையை மடித்தபடி, இவன் எப்போது முடிப்பான் என்று இப்போதே எண்ணத் தொடங்கிவிட்ட ரஹ்மத்தும்மா அவர்களே! இறுதியாக, இந்த வண்டிப்பேட்டையின் ஓரத்தில் நின்று அசைபோட்டபடி என் பேச்சைக் கடைசி வரை கேட்கப்போகிற ஒரே கூட்டத்தாராகிய காளைகளே! அனைவருக்கும் என் வணக்கமும் ஸலாமும்.

வண்டிக்காரர் சங்கத்தார் எனக்கு ஒரு தலைப்புத் தந்திருக்கிறார்கள். "மாகாண எல்லை கடந்து வண்டியில் கஞ்சா கொண்டுபோவதால் சட்டத்தில் விளையும் துன்பங்கள்." தலைப்பைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு வண்டி பசறை ஏற்றத்தில் பாதி ஏறிவிடும். ஆயினும் நீதிமன்ற வாசலில், மரத்தடியில், பிறர் துன்பத்தை முழுத்தாளில் மனுவாக எழுதி வயிறு வளர்ப்பவன் நான். துன்பங்கள் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியானவன் இவ்வூரில் யார்?

என்ன அங்கே? "பிறக்கிராசிமார் இருக்காங்க" என்கிறார் ஒரு தம்பி. உண்மை. ஆனால் வழக்குப் பேசும் பிறக்கிராசிமார் வருமுன் நான் எழுதுகிறேன். அவர்கள் போனபின்னும் நான்தான் எழுதுகிறேன்.

நண்பர்களே, எல்லை என்றால் என்ன? நீங்கள் கண்டிருக்கிறீர்களா? மட்டக்களப்பிலிருந்து வரும் வழியில், காட்டின் நடுவில், முழங்கால் உயரத்தில் ஒரு கல். அதன் மேல் பாசி. அதன் நிழலில் ஓர் ஓணான். அவ்வளவுதான் எல்லை. அந்தக் கல்லுக்கு அந்தப் பக்கம் ஒரு மாகாணம். இந்தப் பக்கம் நம் ஊவா மாகாணம். அந்தப் பக்கத்தில் ஒரு வைத்தியர் அரசாங்கத்தின் அனுமதியோடு, வேலி கட்டி, கஞ்சா வளர்க்கிறார். அவரிடம் வாங்கினால் சீட்டு எழுதித் தருவார். அந்தச் சீட்டு கல் வரைக்கும் சீட்டு. கல்லைத் தாண்டினால் காகிதம். செடி அதே செடி. மணம் அதே மணம். அதன்மேல் விழும் வெயிலும் அதே வெயில். அங்கே அது மருந்து. இங்கே அது குற்றம். இரண்டு அடி தூரத்தில் ஒரு பொருள் இவ்வளவு மாறுவதை நான் இரண்டே இடங்களில் கண்டிருக்கிறேன். ஒன்று இந்த எல்லைக்கல். மற்றது கலியாணப் பந்தல்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அந்தக் கல்லைத் தாண்டியவன் சிரிக்கவில்லை. அவன் தூங்கிக்கொண்டிருந்தான்.

அவன்தான் நம் கந்தப்பன். இருபது ஆண்டுகளாக அந்தச் சாலையில் அரிசி ஏற்றுபவன். சென்ற பங்குனியின் கடைசி வாரம். உச்சிவெயில். அந்த நாட்களில் அந்தக் காட்டு வழியில் என்ன நடக்கும் என்பதை வண்டிக்காரர்கள் அறிவீர்கள். மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் ஆயிரம் ஆயிரமாய்ச் சிவனொளிபாத மலை நோக்கிப் போகும். காற்றுக்கு நிறம் வந்ததுபோல் போகும். முன்னே பார்த்தாலும் மஞ்சள், பின்னே பார்த்தாலும் மஞ்சள். காளையின் கொம்பில் ஒன்று அமரும். கூண்டின் ஓலையில் ஒன்று அமரும். உறங்குகிறவன் இமையில் ஒன்று அமர்ந்து, இவனும் ஒரு பூ என்று எண்ணிச் சற்று இருந்துவிட்டுப் போகும். சலங்கை ஒலி ஒரு தாலாட்டு. சக்கரத்தின் ஆட்டம் ஒரு தொட்டில். சாலையே மெல்ல மிதந்து போகிறது, வண்டிதான் நிற்கிறது என்று தோன்றும். கந்தப்பனின் கயிறு நழுவியது. தலை சாய்ந்தது. செவலையும் மயிலையும், அவனுடைய இரண்டு காளைகள், வழியறிந்தவை, நடந்துகொண்டே இருந்தன. எல்லைக்கல் வந்தது, போனது. பூச்சிகள் கடந்தன, காளைகள் கடந்தன, கனவும் கடந்தது. சீட்டு மட்டும் அங்கேயே நின்றுவிட்டது.

ஆம், அந்த வண்டியில், அரிசி மூட்டைகளுக்கு நடுவே, மஞ்சள் துணியில் மூன்று முடிச்சுப் போட்ட ஒரு சிறு மூட்டை இருந்தது.

அது என்ன மூட்டை? கடைத்தெருப் பெரியவர்களுக்காக விளக்குகிறேன். தோட்டத்துத் தாய்மார்கள் பொறுத்தருள வேண்டும். குருவிமலையில் ஆலமரத்தடி முனியாண்டி சாமிக்குச் சித்திரையில் பூசை. படையலில் சுருட்டு உண்டு, சாராயம் உண்டு, கஞ்சாவும் உண்டு. நேர்ந்துகொண்டவர் அதை மஞ்சள் துணியில் முடிந்து, வேறொருவன் வண்டியில்தான் அனுப்புவார். தானே சுமந்து வரக்கூடாது. சாமியின் காலடியில் இறக்கும் வரை யாரும் முடிச்சை அவிழ்க்கக்கூடாது. உள்ளே என்ன என்று கேட்கக்கூடாது. யார் நேர்ந்தது என்று வண்டிக்காரன் வாய் திறக்கக்கூடாது. திறந்தால் நேர்த்தி கெட்டது. கெட்டால், எதற்காக நேர்ந்தார்களோ அது திரும்பி வரும். இதுதான் அங்கே வழக்கம். மூக்குள்ள எவனுக்கும் உள்ளே இருப்பது தெரியும். தெரியாத முகத்தோடு ஏற்றிக்கொள்வதுதான் மரியாதை.

கல்லைத் தாண்டி மூன்றாவது மைலில் ஒரு பொலிஸ்காரர் நின்றார். அவருக்கும் மூக்கு இருந்தது.

"மாட்டப் புடிச்சாங்களா, மனுசனப் புடிச்சாங்களா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்கிறார். ஐயா, இரண்டையும். வண்டியையும் சேர்த்து. அரிசி மட்டும் அன்று மாலையே விடுதலையாகிவிட்டது. அரிசிக்கு நம் தலைவர் உரிமையாளர். அவர் நேரில் போய், "இது என்னுடையது" என்றார். ஒரு பொருளுக்கு விடுதலை வேண்டுமென்றால் இந்த மூன்று வார்த்தை... தலைவர் விரல்விட்டு எண்ணி, இரண்டு வார்த்தை என்கிறார். வாணிபக் கணக்கு பிசகாது. இந்த இரண்டு வார்த்தை சொல்ல ஒரு மனிதர் வேண்டும்.

கந்தப்பன் நீதிமன்றத்தில் நின்றபோது நானும் இருந்தேன். நீதவான் கொடியவர் அல்லர். மொழிபெயர்ப்பாளர் மூலம் மெதுவாகவே கேட்டார், மூட்டை யாருடையது என்று.

"சாமியோடதுங்க" என்றான் கந்தப்பன்.

சாமிக்காகக் கொடுத்தது யார் என்று கேட்டார்.

"அத நான் சொல்லக்கூடாதுங்க."

எல்லையைத் தாண்டிக் கொண்டுவந்தது குற்றம் என்று தெரியுமா என்று கேட்டார். கந்தப்பன் முகம் மலர்ந்தது. தப்பிக்க ஒரு வழி கிடைத்துவிட்டது என்று எண்ணினான்.

"நான் தாண்டலங்க. தூங்கிட்டேன். மாடுதான் தாண்டுச்சு."

சகோதரர்களே, இந்த இடத்தைக் கவனித்துக் கேளுங்கள். பொதுச் சாலையில் வண்டியை ஓடவிட்டு உறங்குவது தனிக் குற்றம். ஒரு குற்றத்தோடு கூண்டில் ஏறிய மனிதன், உண்மை பேசியதால், இரண்டு குற்றத்தோடு இறங்கினான். சீட்டு இருக்கிறதே என்றால், அது கல்லுக்கு அந்தப் பக்கம் மட்டுமே செல்லும். மருந்து என்றால், நோயாளி எங்கே என்பார்கள். சாமியுடையது என்றால், சாமியை அழைக்கக் கட்டளை அனுப்பச் சட்டத்தில் இடமில்லை. தெரியாது என்றால், உன் வண்டியில் உள்ளது உனக்குத் தெரியாதா என்பார்கள். ஊவாவின் இந்தப் பக்கத்தில், கஞ்சா யார் வண்டியில் இருக்கிறதோ அது அவனுடையது. அந்த வண்டியும், வண்டி இழுக்கும் மாடும் அரசாங்கத்துடையது. சங்கத்தார் தந்த தலைப்புக்கு என் விடை இவ்வளவுதான். பேச்சை இத்துடன் முடித்துக்கொண்டு இறங்கியிருப்பேன்.

இறங்க விடாமல் ஒருவர் எதிரே அமர்ந்திருக்கிறார். கந்தப்பனின் மனைவி இராக்கம்மா.

வழக்கு வெள்ளிக்கிழமைக்குத் தள்ளப்பட்டிருக்கிறது. மூட்டையைக் கொடுத்தவர் வந்து ஒப்புக்கொண்டால் வண்டியையும் காளைகளையும் விடலாம் என்று நீதவான் சொல்லியிருக்கிறார். வராவிட்டால் காளைகள் ஏலத்துக்குப் போகும். கந்தப்பன் சிறைக்குப் போவான். நேற்று இராக்கம்மா காளைகளைப் பார்க்கப் போனார். பொலிஸ் முற்றத்தில் கட்டியிருந்தார்களாம். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "என்னயப் பாத்தவொடனே ரெண்டும் எந்திரிச்சு நின்னுச்சுங்க. வீட்டுக்குப் போறோம்னு நெனச்சிருச்சுக."

காவலில் இருக்கும் கந்தப்பனிடம் நான் பேசிப் பார்த்தேன். பெயரைச் சொல்லிவிடு, நான் எழுதித் தருகிறேன் என்றேன். அந்த மனிதன் என்ன சொன்னான் தெரியுமா? "நான் பேரச் சொல்லிட்டு மாட்ட ஓட்டிக்கிட்டு வந்துருவேங்க. நாளைக்குத் தோட்டத்து லய வீட்டுல ஒரு புள்ளைக்குக் காய்ச்சல் திரும்பிச்சுன்னா, அந்த வீட்டு வாசல்ல நான் எப்புடி வண்டி ஓட்டுறது?"

சென்ற ஆண்டு குருவிமலையில் அந்தக் காய்ச்சல் வந்தபோது எத்தனை குழிகள் வெட்டினீர்கள் என்பதைத் தாய்மார்கள் அறிவார்கள். நான் அதைக் கேலி செய்ய மாட்டேன். அந்தக் காய்ச்சல் நின்றதற்காக நேர்ந்த மூட்டை அது என்பதை ஊகிக்க எனக்கும் அறிவு உண்டு. நேர்ந்தவர் இதோ இந்தக் கூட்டத்தில் இருக்கிறார் என்பதையும் ஊகிக்கிறேன். அவர் யார் என்று நான் அறியேன். அவர் அஞ்சுவது சிறைக்கல்ல என்பதை மட்டும் அறிவேன்.

ஐயா, நீங்கள் எங்கே இருந்தாலும் கேளுங்கள். அந்த மூட்டையை நான் பார்த்தேன். மூன்று முடிச்சில் ஒன்று கூட இல்லை. பொலிஸ்காரர் கத்தியால் அறுத்துவிட்டார். மஞ்சள் துணியின் மேல் ஒரு காகிதம் ஒட்டி, வழக்குச் சான்று இரண்டாம் எண் என்று எழுதியிருக்கிறது. கழுத்து உடைந்த சாராயப் போத்தலுக்கும், வேறு யாரையோ குத்திய கத்திக்கும் நடுவில், அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறது. கந்தப்பன் எந்த முடிச்சைக் காக்க வாய் மூடி இருக்கிறான்? அவிழ்ந்துபோன முடிச்சையா? அறுந்துபோன முடிச்சையா? சாமி எதையும் இழக்கவில்லை. சாமிக்கு ஆலமரமும் ஒன்று, அலமாரியும் ஒன்று. இழக்கப்போகிறவன் கந்தப்பன். உங்கள் பிள்ளைகள் பிழைத்ததற்கு நன்றியாக நீங்கள் கொடுத்தது ஒரு சிறு மூட்டை. அவன் கொடுத்துக்கொண்டிருப்பது இரண்டு காளை, ஒரு வண்டி, ஓர் ஆயுளின் உழைப்பு. நேர்ந்தது நீங்கள், செலுத்துவது அவனா? சாமிக்குக் கண் இருந்தால் எந்தப் படையல் பெரிது என்று பார்க்காதா?

வந்தால் என்ன ஆகும்? இனிப்புத் தடவிச் சொல்ல எனக்குத் தெரியாது. அபராதம் வரும். சில மாதம் சிறையும் வரலாம். தோட்டத்தில் வேலையும் போகலாம். வராவிட்டால் ஒன்றும் ஆகாது. உங்கள் பெயரை யாரும் சொல்லமாட்டார்கள். கந்தப்பன் சொல்லவே மாட்டான். அதுதான் எனக்குப் பெரிய துன்பமாகத் தோன்றுகிறது. அது எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை.

யார் அங்கே எழுந்திருப்பது? வேப்பமரத்துப் பக்கம். பனி மூட்டத்தில் முகம் தெரியவில்லை. அந்த அரிக்கன் விளக்கைச் சற்றுத் தூக்கிப் பிடியுங்கள். அமைதி. அமைதி. தலைவர் அவர்களே, எழுந்து நிற்பவர் குருவிமலைத் தோட்டத்தில் காலையில் ஆள் கூடும் பெரட்டுக் களத்தில் நாற்பது பேருக்குப் பெயர் கூப்பிடும் கணபதிக் கங்காணி. அவர் பேசுவது பின்வரிசைக்குக் கேட்காது. அவர் சொல்லச் சொல்ல நான் திருப்பிச் சொல்கிறேன்.

"கட்டுனது நான்தாங்க. மூணு முடிச்சும் என் கையால போட்டது. கந்தப்பன் பேரு இதுல வேணாம்."

தாய்மார்கள் பக்கத்தில் மாரியாயி எழுந்துவிட்டார். அவர் குரலுக்கு நான் தேவையில்லை. ஆயினும் காளைகளுக்காகச் சொல்கிறேன். "கங்காணி, அப்ப நம்ம நேர்த்தி என்னாகுறது?" என்று கேட்கிறார்.

கங்காணி யோசிக்கிறார். யோசிக்கட்டும், அவசரப்படுத்தாதீர்கள். சொல்கிறார்: "வேற நேந்துக்குவோம் ஆத்தா. இந்தத் தடவ பொங்கச் சோத்தோட நிப்பாட்டிக்குவோம். சாமி கோவிச்சா என்னயக் கோவிக்கட்டும்."

மாரியாயி என்ன சொல்கிறார்? "ஒங்கள மட்டும் ஏன் கோவிக்கணும்? துணி என் சீலையில கிழிச்சது" என்கிறார். இன்னும் நான்கு பேர் எழுகிறார்கள். போதும், தாய்மார்களே, போதும், கூண்டு சிறியது. ஒருவர் ஒப்புக்கொண்டால் சட்டத்துக்குப் போதும். மற்றவர்கள் வெளியே நில்லுங்கள்; கங்காணி திரும்பிப் பார்க்கும்போது தெரிகிற இடத்தில் நில்லுங்கள்.

கங்காணி ஐயா, இங்கே சொன்னது எங்கள் காதுக்கு. வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்குப் படியேறி, அதே வார்த்தைகளை, ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். பிறக்கிராசி ஒருவரைத் தலைவர் அமர்த்தித் தருவதாகத் தலையசைக்கிறார். அவர் தலையசைத்ததை அனைவரும் பார்த்தீர்கள். நான் பார்த்ததைவிட அது முக்கியம். மனுவை நான் எழுதுகிறேன். முப்பது ஆண்டுகளாக, "நான் செய்யவில்லை" என்றே எழுதி எழுதிக் கை காய்த்தவன். "நான்தான் செய்தேன்" என்று எழுதுவது இதுவே முதல் தடவை. அதற்கு என்ன சொற்கள் என்று இனிமேல்தான் தேட வேண்டும்.

நேரம் தந்த தலைவருக்கும், செவி தந்த பெரியவர்களுக்கும், எழுந்து நின்ற தாய்மார்களுக்கும், உறங்காமல் ஒத்துழைத்த வண்டிக்காரர்களுக்கும் நன்றி. ரஹ்மத்தும்மா அவர்களே, முடித்துவிட்டேன். எல்லோருக்கும் வணக்கம், ஸலாம்.

இராக்கம்மா, வெள்ளிக்கிழமை வரும்போது மாட்டுக் கயிறு கொண்டு வாருங்கள்.