கரடியின் புதிய குரல்

வெந்நீர் போடுவதில் எனக்கு நல்ல பெயர் உண்டு. ஒலிப்பதிவுக் கூடத்தில் என் வேலை மைக் வைப்பதும் சத்தத்தைச் சீர்படுத்துவதும்தான். ஆனால் எங்கள் பாடகர் பாடுவதற்கு முன் ஆவி பிடிப்பார். அந்தப் பாத்திரத்தை நான்தான் கொண்டுபோக வேண்டும். வேதியியல் படித்த பெண், அளவு தப்பாது என்பார்.

அவரைக் கரடி என்றுதான் கூப்பிடுவார்கள். பன்னிரண்டு வருடம் கல்லறை, காக்கை, கறுப்பு ரோஜா என்று உறுமிச் சம்பாதித்த பெயர். இந்த ஆல்பத்தில் காதிக் மெட்டல் என்ற அந்த இருண்ட ராக் இசையைத் தாண்டிவிடுவது, இனி மௌனமும் மழையும்தான் என்று குழு முடிவெடுத்தது. நான்கு மணி நேரம் பேசினார்கள். கறுப்புச் சட்டை அடர்சாம்பல் ஆனது.

பாடல்களும் மாறத்தான் செய்தன. கிடார் பனிமூட்டம் போலப் பரவும். ஏழாவது நிமிடத்தில் கரடி உறுமுவார். பனிமூட்டத்துக்குள் லாரி புகுந்த மாதிரி இருக்கும்.

"கொஞ்சம் மெதுவா பாடிப் பாரேன்டா" என்றார் கிடார்க்காரர்.

"எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான்டா. இதுவும் போச்சுன்னா நான் யாரு?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா, நல்லாத்தானே இருக்கு?"

தலையாட்டினேன். ஒருவர் மனதை நேருக்கு நேர் புண்படுத்த எனக்கு வராது.

ஆய்வகத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு திறக்கும் புட்டி ஒன்று உண்டு. கல்லூரித் தோழியிடம் தரைக் கறைக்கு என்று வாங்கிவந்தேன். முதல் நாள் ஒரு துளி. பிறகு தினம் ஒன்று கூட்டி, ஒன்பது நாள். துண்டைப் போர்த்திக்கொண்டு மூச்சை ஆழமாக இழுப்பார். இன்றைக்குக் கொஞ்சம் காரமாக இருக்கிறதே என்றார் ஒருநாள். அடைப்பு விட்டுப்போகும் அண்ணா என்றேன். இன்ஸ்பெக்டர் சார், நீங்கள் சோதனை போட்டு எடுத்துப்போன பச்சை நோட்டில் எல்லாம் தேதிவாரியாக இருக்கிறது.

பத்தாம் நாள் உறுமல் வரவில்லை. வெறும் காற்று, அதன் நடுவே நூல் போல ஒரு குரல். அதைத்தான் பதிவு செய்தேன்.

விமர்சகர்கள் முதிர்ச்சி என்றார்கள். பாடகர் அகந்தையை உதறிவிட்டார் என்று ஒருவர் எழுதினார். கரடி அதைக் கத்தரித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறார். இப்போது அவரால் பேச முடியாது. குரலுக்கு என்ன ஆயிற்று என்று யாராவது கேட்டால் அதை எடுத்துக் காட்டுகிறார்.

ஆமாம், நான்தான் செய்தேன். ஆனால் ஆல்பத்தை ஒருமுறை கேட்டுவிட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரே குறை, ஐந்தாவது பாட்டில் டிரம்ஸ் இன்னும் முரடாகத்தான் இருக்கிறது. என்னைச் சீக்கிரம் அனுப்பிவிட்டால் நல்லது. டிரம்மருக்கு மணிக்கட்டு வலி, ஒத்தடத்துக்கு நான்தான் வெந்நீர் போட வேண்டும்.