கூட்டுக்கு ஒரு செருப்பு

முட்டையைக் கழுவி வைக்கக் கூடாது. இது பலருக்குத் தெரியாது. ஓட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு இருக்கிறது. கழுவினால் அது போய்விடும், கிருமி உள்ளே நுழைந்துவிடும். உங்கள் வீட்டில் பளபளவென்று கழுவித்தான் வைப்பார்கள் என்று நினைக்கிறேன். உங்களைக் குறை சொல்லவில்லை. விசாரிப்பது உங்கள் தொழில், ஆனால் முட்டையைப் பற்றி நீங்கள் யாரையும் விசாரித்திருக்க மாட்டீர்கள்.

கேட்டதற்கு மட்டும் பதில் சொல் என்கிறீர்கள். சொல்கிறேன். ஆனால் கோழி வளர்ப்பு தெரியாதவருக்கு நான் செய்தது புரியாது. வீட்டுக்குப் பின்னால் பதினோரு கோழிகள் வைத்திருந்தேன். 'வைத்திருக்கிறேன்' என்றுதான் இன்னமும் வாயில் வருகிறது. அதை மறைக்கப் போவதில்லை.

எங்கள் தெருவில் எனக்கு முன்பும் நாலைந்து பேர் கோழி வளர்த்தார்கள். வளர்த்தார்கள் என்பது பெரிய வார்த்தை. கடையில் கோழி வலை என்று ஒன்று விற்கிறான், அதை வாங்கி நான்கு கம்பில் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்கள். அந்த வலை கோழி வெளியே போகாமல் இருக்கத்தான் உதவும். கீரி உள்ளே வராமல் இருக்க உதவாது. கீரி அதைக் கடித்துக் கிழித்துக்கொண்டு வந்து, ஒன்றைத் தின்ன ஐந்தைக் கொன்றுவிட்டுப் போகும். மறுநாள் அவர்கள் வாயில் கையை வைத்துக்கொண்டு நிற்பார்கள். நான் விரல் நுழையாத இரும்பு வலை போட்டேன். மண்ணுக்குள் ஒரு அடி இறக்கி, அடிப்பகுதியை வெளிப்பக்கமாக மடக்கிப் புதைத்தேன். பருந்துக்காக மேலேயும் வலை. கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள்.

பக்கத்து வீட்டுத் தையல்காரர் ஒரு பூனை வைத்திருந்தார். அது வலைக்கு வெளியே உட்கார்ந்து கோழிகளையே பார்த்துக்கொண்டிருக்கும். "பாவம் சார், சும்மா பாக்குது" என்றார். சும்மா பார்க்கிற பூனையை நான் இதுவரை கண்டதில்லை. மூன்று முறை சொல்லிப் பார்த்தேன். நான்காவது முறை சொல்லவில்லை. அவர் இன்னமும் அது எங்கேயோ வழி தவறிப் போய்விட்டதாக நம்புகிறார். நம்பிக்கொண்டிருக்கட்டும்.

ஆனால் கீரியும் பூனையும் பெரிய விஷயமே இல்லை. வலையால் தடுத்துவிடலாம். நோயைத் தடுக்கத்தான் மூளை வேண்டும். நோய் காற்றில் பறந்து வருவதாக ஜனங்கள் நினைக்கிறார்கள். அது காலில் வருகிறது. அதனால் கூட்டு வாசலில் ஒரு தட்டில் கிருமி மருந்து கலந்த தண்ணீர் வைத்திருந்தேன். வெளியிலிருந்து யார் வந்தாலும் அதில் காலை நனைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். எனக்கு மட்டும் கூட்டுக்கென்று தனியாக ஒரு ஜோடி நீலச் செருப்பு. வெளியே போகப் பழுப்புச் செருப்பு. நீலத்துக்குத் தட்டு தேவையில்லை, ஏனென்றால் அது கூட்டைவிட்டு வெளியே போவதே இல்லை. இவ்வளவுதான் விதி. ஒரு குழந்தைக்குக்கூடப் புரியும்.

என் மச்சினனுக்குப் புரியவில்லை. என் மனைவியின் ஒரே தம்பி. இருபத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை, தங்க இடமில்லை. எங்கள் வீட்டுப் பின்னறையில் இருந்தான். அந்த அறையின் சுவர்தான் கூட்டுக்கும் ஒரு பக்கச் சுவர். அவன் பார்த்த வேலை என்ன தெரியுமா? கறிக்கோழி லாரியில் கூண்டு ஏற்றுவது. ஊரில் எத்தனையோ வேலை இருக்க, என் வீட்டுக்கு வந்து சேர்ந்தவனுக்கு அந்த வேலைதான் கிடைத்தது. விடிவதற்கு முன் போய், மதியம் சட்டையில் இறகோடு வருவான். வந்ததும் கூட்டுக்குள் நுழைந்து, மீந்துபோன சோற்றைக் கையில் வைத்துக் கோழிகளுக்கு ஊட்டுவான். தட்டைத் தாண்டித்தான் காலை வைப்பான். அவன் கால் நீளம்.

"தட்டுல கால வைடா" என்றால் சிரிப்பான்.

"மாமா, நான் என்ன ஆஸ்பத்திரிக்கா வந்திருக்கேன்? டீச்சருக்கு ஒரு வாய் சோறு குடுத்துட்டுப் போறேன்."

டீச்சர் என்பது ஒரு கறுப்புக் கோழி. கழுத்தை நிமிர்த்தி, மற்றதையெல்லாம் அதட்டிக்கொண்டு நடக்கும். அந்தப் பெயரை வைத்தவன் அவன்தான். பெயர் பொருத்தமாக இருந்தது, அதை ஒப்புக்கொள்கிறேன். நான் கூப்பிட்டால் டீச்சர் வராது, அவன் கூப்பிட்டால் ஓடும். கோழிக்கு அறிவு கொஞ்சம்தான்.

மனைவியிடம் சொன்னேன். அவள் துணிக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிறவள். "அவன் குளிச்சிட்டுதாங்க வர்றான். விடுங்களேன்" என்றாள். இந்த 'விடுங்களேன்' என்ற வார்த்தையால்தான் உலகத்தில் பாதி நாசம் நடக்கிறது.

இதற்கிடையில் கடைத்தெருக் கறிக்கடையில் கோழிகள் நோயோடு நிற்பதாகத் தையல்காரர் மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொன்னார். அப்போது நான் கூட்டைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். துடைப்பத்தைப் போட்டுவிட்டு அப்படியே கிளம்பினேன். யாருக்கும் இல்லாத அக்கறை எனக்கு இருந்தது என்பதற்காக இதைச் சொல்கிறேன். போய்ப் பார்த்தால் உண்மைதான். கூண்டில் இரண்டு கோழி கழுத்தைத் தொங்கப்போட்டு நிற்கிறது. தரையெல்லாம் எச்சம். அங்கேயே அரை மணி நேரம் நின்று கடைக்காரருக்குச் சுத்தம் என்றால் என்ன என்று விளக்கினேன். அந்த ஆள் காது குடைந்துகொண்டே கேட்டார். ஒன்றும் வாங்கவில்லை, எதையும் தொடவில்லை. வீட்டுக்கு வந்ததும் நேராகக் கூட்டுக்குத்தான் போனேன். என் கோழிகளைப் பார்த்த பிறகுதான் மனசு ஆறியது.

ஐந்தாம் நாள் டீச்சர் சோறு தின்னவில்லை. மறுநாள் பச்சையாகக் கழிந்தது, கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டது. அதற்கு மறுநாள் செத்துப்போனது. அடுத்த தவணைத் தடுப்பு மருந்துக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது. வாரம் முடிவதற்குள் ஏழு கோழி போய்விட்டது. ஒவ்வொன்றையும் ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தேன். நான் அழுதேன். என் அப்பா செத்தபோதுகூட அப்படி அழவில்லை. மச்சினனும் வந்து குழிக்குப் பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். கொண்டுவந்து கொடுத்தவனே அழுவதைப் பார்த்தபோது எனக்கு அருவருப்பாக இருந்தது.

கால்நடை மருத்துவரம்மா வந்தார். "வீட்ல யாராவது வேற கோழி இருக்கிற இடத்துக்குப் போய்ட்டு வந்தீங்களா?" என்று கேட்டார். மச்சினனைப் பற்றிச் சொன்னேன். "நீங்க?" என்றார். நான் பதினான்கு வருஷமாகக் கோழி வளர்க்கிறவன் என்று சொன்னேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. மிச்சமிருந்த நாலு கோழியை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு, காலியான கூட்டைச் சுத்தப்படுத்தச் சொன்னார். பெரிய பண்ணைகளில் கொட்டகையை இறுக்க மூடி மருந்துப் புகை போடுவார்கள். உள்ளே எதுவும் உயிரோடு மிஞ்சாது. அந்த மருந்து என்னிடம் இருந்தது. டப்பாவை நீங்கள்தான் எடுத்து வைத்திருக்கிறீர்கள்.

கூடு வெறும் வலை. வலைக்குள் புகை நிற்காது. அதோடு, நோய் பிறந்த இடம் கூடு இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அவன் சட்டை தொங்குகிற, அவன் படுக்கை கிடக்கிற அறை. கூட்டை மட்டும் கழுவிவிட்டு அறையை விட்டுவைப்பது, ஓட்டைப் பானையை மூடி வைப்பது மாதிரி. நான் அரைகுறையாக எதையும் செய்ததில்லை.

வியாழக்கிழமைக்குள் அறையைக் காலி செய் என்று அவனிடம் சொல்லியிருந்தேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். வியாழக்கிழமை மதியம் வந்தான், குளித்தான், சாப்பிட்டான்.

"காலி பண்ணலையா?"

"பண்றேன் மாமா. கண்ணெல்லாம் எரியுது. ஒரு தூக்கம் போட்டுட்டு எழுந்து பேசிக்கலாம். உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும், அதுவும் அப்பச் சொல்றேன்."

அவன் தூங்கினால் இடி விழுந்தாலும் எழ மாட்டான். ஜன்னல் இடுக்கில் காகிதம் ஒட்டினேன். மருந்துச் சட்டியைக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். வேறு இடமில்லை, சின்ன அறை. கதவுக்குக் கீழே ஈரச்சாக்கு வைத்தேன். காற்றில் கதவு திறந்துகொள்ளக் கூடாது என்று வெளித்தாழ்ப்பாள் போட்டேன். பாதியில் திறந்தால் மருந்து வீண், எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும்.

கொஞ்ச நேரத்தில் கதவு இடிபட்டது. மாமா, மாமா என்று கேட்டது. முன் வாசலுக்கு மாற்றியிருந்த நாலு கோழியும் சத்தத்தில் மிரண்டன. மிரண்ட கோழி இரை எடுக்காது. அவற்றைக் கூடையில் போட்டுத் தெருக்கோடிக்குக் கொண்டுபோய், சத்தம் ஓயும் வரை பக்கத்தில் உட்கார்ந்து தடவிக் கொடுத்தேன். அதிக நேரம் ஆகவில்லை.

அவன் உள்ளே இருந்தது தெரியுமா என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். தெரியும். சட்டி வைக்கும்போது அவன் கை கட்டிலிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்து மேலே வைத்துவிட்டுத்தான் வந்தேன். நான்தான் செய்தேன், தெரிந்துதான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள்.

என் மனைவி வந்து கதவைத் திறந்த பிறகு என்னென்னவோ சொன்னாள். அவன் கோழி லாரி வேலையை விட்டு இருபத்தைந்து நாள் ஆகிறதாம். ஓடு ஏற்றுகிற லாரிக்கு மாறிவிட்டானாம். கூலி குறைவு என்றாலும் போனானாம். "உங்க கோழிக்காகத்தாங்க விட்டான். எழுந்ததும் சொல்றேன்னு இருந்தான்" என்று தரையில் உட்கார்ந்து சொன்னாள். ரத்த பாசம், அப்படித்தான் பேசுவாள். வேலையை விட்டிருந்தால் நோய் எப்படி வந்தது? நீங்களே சொல்லுங்கள், பார்க்கலாம்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? பேனாவைக் கொடுங்கள். நீங்கள் ஏன் என் காலையே பார்க்கிறீர்கள்? நீலம்தான். உங்கள் ஆட்கள் வந்து நின்றார்கள், கூட்டிலிருந்து அப்படியே வந்துவிட்டேன். ஆமாம், கறிக்கடைக்குப் போன அன்றும் இதுதான், அவசரத்தில் யார் செருப்பு மாற்றிக்கொண்டிருப்பார்கள்? திரும்பி வந்து தட்டில் நனைத்தேனா என்றா கேட்கிறீர்கள்? இதற்குத்தான் ஆரம்பத்திலிருந்து விளக்கிக்கொண்டிருக்கிறேன், நீங்கள் காதில் வாங்கவே இல்லை. நீலச் செருப்பைத் தட்டில் நனைக்கத் தேவையில்லை. அது கூட்டைவிட்டு வெளியே போவதே இல்லை.